சுமைதாங்கிக் கல்லில் உங்கள் பெயர்

மாமா,

பாட்டிலின் கழுத்துக்குள் இன்னும் கொஞ்சம் மண் இருக்கிறது.

போன வாரம் அத்தை அதை உங்கள் பழைய துண்டு ஒன்றில் சுற்றி எடுத்துவந்து என் மேசைமேல் வைத்தார். உங்கள் மாடி அறையைக் காலி செய்கிறார்கள். மற்ற பாட்டில்களையெல்லாம் உங்களைப்போலவே பாட்டில் சேர்க்கிற உங்கள் நண்பர் சேகர் அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக் கொண்டுபோய்விட்டார். "இது மட்டும் உனக்குன்னு சொல்லிக்கினே இருப்பாரும்மா" என்றார் அத்தை. பச்சை நிறக் கோலி சோடா பாட்டில். நீங்கள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த தேய்ப்பில் வெளிப்பக்கம் புதிதுபோல் இருக்கிறது. கோலி சிக்கி நிற்கும் இடுக்கில், உங்கள் பிரஷ் எட்டாத மூலையில் மட்டும் ஒரு சிட்டிகை மண் ஒட்டியிருக்கிறது. இன்று காலை தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். முதல் மழை விழுந்த சாலையோரத்தின் வாசனை வந்தது. அது எந்தச் சாலையோரம் என்று எனக்குத் தெரியும். உடனே உங்கள்மேல் கோபம் வந்தது.

இறந்தவர்களுக்கு எழுதும் மடலில் கோபம் கூடாது என்பார்கள். நான் படித்த அத்தகைய மடல்களில் எல்லோரும் நல்லவர்களாகவே இறந்திருக்கிறார்கள். நீங்களும் நல்லவர்தான், அதுதான் எனக்குச் சிக்கல். உங்கள் மடியில் உட்காரவைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் அழ ஆரம்பித்ததும் நீங்களும் சேர்ந்து அழுதீர்களாம், ஆசாரி யாருடைய காதைக் குத்தினார் என்று எல்லோரும் கேலி செய்தார்களாம். அம்மா அதைச் சொல்லாத மாதமில்லை. இப்படிப்பட்ட ஒருவரை ஒரேயடியாக வெறுத்துவிட முடிந்தால் எனக்கு வேலை எளிது.

நீங்கள் வேலை பார்த்த பட்டுக்கடையில் உங்களைப்போலச் சேலை விரிக்க ஆள் கிடையாது என்று உங்கள் காரியத்தன்று முதலாளியே சொன்னார். உண்மை. பெரிய காஞ்சிபுரத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டு வரும் நாட்களில் கடை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். ஒரே உதறலில் முந்தானை வந்தவரின் மடியில் போய் விழும். "வாங்கணும்னு இல்லம்மா, சும்மா பாருங்க, பாக்கறதுக்கு இன்னா செலவு" என்பீர்கள். சும்மா பார்க்க வந்தவர்கள் பையோடு போவார்கள். வீட்டிலும் அதே வித்தைதான். எதையும் விரித்துக் காட்டி, எதிரில் இருப்பவர் மடியில் போட்டு, அது அவரே கேட்டு வாங்கியது என்று நம்பவைத்துவிடுவீர்கள்.

கடைக்கு விடுமுறையான நாளில் கடப்பாரையும் மண்வெட்டியும் ஈரச் சாக்குமாகக் கிளம்புவீர்கள். இடிந்த வீட்டுக் கொல்லை, தூர்ந்த கிணறு, யாரும் போகாத சத்திரத்தின் பின்பக்கம். "நம்ம ஊர்ல எங்க நோண்டினாலும் எதுனா வரும். சிலை வந்தா போலீஸ் வருவாங்க. பாட்டில் வந்தா யாரும் வரமாட்டாங்க" என்பது உங்கள் நகைச்சுவை. நானும் ஆசையாகத்தான் வந்தேன். நூலகத்தில் அகழாய்வைப் பற்றி எடுத்துப் படித்த புத்தகங்களில், மண்ணை விரல்கடை விரல்கடையாக நீக்கி, கயிறு கட்டி, படம் வரைந்து, ஒரு பொருள் எந்த அடுக்கில் எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்று பார்ப்பார்கள். கிடந்த இடம்தான் பாதிச் செய்தி. பொருளைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பாதி போய்விடும். இதை நான் உங்களிடம் சொன்னபோது, "நான் இன்னா மியூசியமா வெக்கப் போறேன்? கழுவி அலமாரில வெக்கப் போறேன்" என்றீர்கள்.

முதல் தடவையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. செவிலிமேட்டில் புதிதாக வீடு கட்டப் போகிற மனை ஒன்றில் ஒரு பழைய உறைக்கிணறு. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி யாரோ கட்டியது. நீங்கள் மேலிருந்து ஒவ்வொரு வளையமாகக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டே இறங்கினீர்கள். அடியில் ஒரு மருந்து பாட்டில் கிடைத்தது. அதை என்னிடம் தூக்கிக் கொடுத்து, "படி, இன்னா எழுதியிருக்குது பாரு" என்றீர்கள். கண்ணாடியில் புடைத்த எழுத்துகளைத் தடவித் தடவிப் படித்தேன். உங்கள் முகம் அப்படி மலர்ந்தது. கரையில் வளையங்கள் ஓடுகளாகக் குவிந்து கிடந்தன. நான் அவற்றைப் பார்ப்பதைக் கண்டு, "பானை ஓட்டுக்கு யாராவது அழுவாங்களா? எழுத்து இருந்தாத்தான் சரக்கு. எழுத்து இல்லன்னா அது யாருதுமில்ல" என்றீர்கள்.

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை மாமா. அதன்படியேதான் நீங்கள் எல்லாவற்றையும் செய்தீர்கள்.

சுமைதாங்கி இருந்த இடத்தை எந்தத் திசையில், எந்த ஊரில் என்று எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். இரண்டு கற்களை மண்ணில் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடையாக வைத்திருந்தார்கள். என் கழுத்து உயரம். தலைச்சுமையோடு வருகிறவர்கள் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை அதன்மேல் தள்ளி வைத்து மூச்சு வாங்கலாம். அதற்குப் பின்னால் எந்தக் காலத்திலோ ஒரு சோடாக்கடை இருந்ததாம். அந்த ஊர்க்காரர் ஒருவரே உங்களுக்கு இடத்தைக் காட்டியிருந்தார்.

முதலில் கல்லுக்குத் தள்ளித்தான் தோண்டினீர்கள். உடைந்த கண்ணாடியும் கரியும் கலந்த கறுப்பு மண் வந்தது. பழைய குப்பைக் குழி. அந்தக் கறுப்பு மண் அப்படியே சுமைதாங்கியின் பக்கம் ஓடியது. நீங்களும் அதன் பின்னாலேயே போனீர்கள்.

"மாமா, கல்லு விழுந்துடும்."

"அது இன்னா நேத்து வெச்சதா, விழறதுக்கு? எத்தினி வருஷமா நிக்குது."

"அத்தினி வருஷமா யாரும் அடியில நோண்டல மாமா."

"இவள வக்கீலுக்குப் படிக்க வெக்கணும்பா" என்று சிரித்துவிட்டு, இடப்பக்கத்துக் காலைச் சுற்றி இறுக்கமாகச் சொருகியிருந்த சின்னக் கற்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தீர்கள். அவற்றுக்கு அடியில் இந்தப் பச்சை பாட்டில் நின்றுகொண்டிருந்தது. கிடக்கவில்லை, நின்றுகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். குப்பைக் குழியில் இருந்த எல்லாமே உடைசல். கோலி சோடா பாட்டிலைக் கடைக்காரர்கள் திரும்ப வாங்கி மறுபடி நிரப்புவார்கள், முழு பாட்டிலை யாரும் எறிந்திருக்க மாட்டார்கள். இது ஒன்று மட்டும் முழுசாக, வாய் மேலே பார்த்தபடி, கற்களுக்கு நடுவில். யாரோ வைத்த மாதிரி. "மாமா, எடுக்காதீங்க, எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்" என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அது உங்கள் கையில் இருந்தது.

அப்போதுதான் ராணி அக்கா வந்தார். அவர் அந்த ஊர்க்காரர், இரண்டு மாடு வைத்திருந்தார், தலையில் புல்லுக்கட்டு. யாரென்று நமக்கு அன்று தெரியாது. கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே கத்தினார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கற அங்க?"

"ஒண்ணுமில்லக்கா, பழைய பாட்டிலு."

"பாட்டிலுக்கு வேற எடம் இல்லியா? அது எங்க வூட்டுப் பொண்ணுய்யா. எங்க பாட்டனுக்கு அக்கா. வயித்துல புள்ளையோட செத்தவ. எறக்க முடியாத சொமையோட பூட்டாளேன்னு வெச்ச கல்லு. நாங்க இத்தினி பேரு அது மேல பாரத்த எறக்க எறக்க அவளுக்குக் கொறையும்."

நீங்கள் எழுந்து நின்று கல்லை முன்னும் பின்னும் பார்த்தீர்கள். பிறகு கடையில் பேசும் அதே இனிமையோடு, "எழுதியிருக்குதாக்கா யாருதுன்னு?" என்று கேட்டீர்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்காகக் கல் நட்டால் அதில் எழுத்து எங்கிருந்து வரும்? அவர்கள் எழுதவில்லை, நட்டார்கள். ஆண்டுக்கு ஒரு நாள் விளக்கு வைத்துப் பெயரைச் சொன்னார்கள். யாரோ ஒரு கம்பெனி தன் மருந்து பாட்டிலில் புடைத்துவிட்ட பெயரை என்னை விட்டுத் தடவித் தடவிப் படிக்கச் சொன்ன நீங்கள், இங்கே எழுத்தில்லை என்று கண்டதும் ஆளே இல்லை என்று முடிவு செய்தீர்கள். குழியை மண்வெட்டியால் அரைகுறையாக மூடினீர்கள். நெம்பி எடுத்த சின்னக் கற்கள் வெளியிலேயே கிடந்தன. "மழை பேஞ்சா தானா கெட்டியாய்டும்" என்றீர்கள்.

மழை பெய்தது. மண் கெட்டியாகவில்லை. ஐப்பசி மழையில் இளகிப்போன காலோடு அந்தக் கல் நின்றிருக்கிறது. ஒரு நாள் காலையில் ராணி அக்கா வழக்கம்போலப் புல்லுக்கட்டைத் தள்ளி வைத்தபோது கல்லின் கால் சாய்ந்து, மேல்கல் சறுக்கி விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு துண்டு அவருடைய இடது பாதத்தின்மேல் விழுந்தது. பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. மாடுகளை விற்றுவிட்டுப் பிறகு ஒன்றை மட்டும் மறுபடி வாங்கினார்.

இதுவரைகூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றுகிறது. பார்க்காமல் செய்துவிட்டீர்கள், நடந்துவிட்டது, போய் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று எழுதியிருப்பேன். நீங்கள் போனீர்கள். கொத்தனாரோடும் சிமெண்ட் மூட்டையோடும் போனீர்கள்.

பழைய கால்கள் இரண்டையும் பிடுங்கி வாய்க்காலோரம் போட்டுவிட்டு கான்கிரீட் தூண்கள் எழுப்பினீர்கள். உடைந்த மேல்கல்லை சிமெண்ட் வைத்து ஒட்டினீர்கள். ஒட்டு தெரியாமலிருக்க அதன்மேல் வெள்ளையடித்து, நீல நிற எனாமல் பெயின்டில் பெரிய எழுத்தில் 'உபயம்' என்று எழுதி, கீழே உங்கள் பெயர், அதற்கும் கீழே உங்கள் கைப்பேசி எண். டியூப்லைட்டைக் கொடுத்துவிட்டு வெளிச்சம் வராத அளவுக்கு அதில் பெயரை எழுதிவைக்கும் உபயக்காரர்களை நீங்களே எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறீர்கள்.

திறப்பு நாளன்று அம்மாவும் அத்தையும் பஸ்ஸில் வந்தார்கள், நான் உங்கள் வண்டியில். ஊர்ப் பெரியவர்கள் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கற்பூரம் காட்டினார்கள். எதிர்ப்பக்கம் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு ராணி அக்கா உட்கார்ந்திருந்தார்.

"நோண்டினவரே வந்து நிமித்தி வெக்கறாரு. நல்லா இருக்குதுய்யா நாயம்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

நீங்கள் கைகூப்பிக்கொண்டே அவரிடம் போனீர்கள். "அக்காவுக்கு வலி. வலியில பேசறாங்க, பேசட்டும்" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். உங்கள் பொறுமைக்காக. அந்த ஒரு நொடியில் குற்றத்தை உதறி அவர் மடியில் போட்டீர்கள் மாமா. முந்தானை விழுவதுபோல அவ்வளவு அழகாக விழுந்தது. அம்மாவுக்குக் கண் கலங்கியது, "எங்கண்ணன் மனசு யாருக்கு வரும்" என்றாள்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன்.

"நாமதான் நோண்டினோம்னு ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா கல்லு தானா எழுந்து நிக்குமா? இப்ப நிக்குதா இல்லியா, அத்தச் சொல்லு."

"அவங்க வீட்டுப் பொண்ணு பேர எழுதியிருக்கலாமில்ல?"

"பேரு யாருக்குத் தெரியும்?"

"ராணி அக்காவக் கேட்டிருந்தா தெரியும்."

நீங்கள் ஹாரன் அடித்தீர்கள். எதிரில் ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு உங்களோடு நான் சரியாகப் பேசவில்லை. நீங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. "பப்ளிக் பரிட்சை வருது, அதான் உம்முன்னு இருக்குது" என்று அம்மாவிடம் சொன்னீர்கள். பிறகு ஒரு முகூர்த்த நாள் கூட்டத்தில் யாருக்கோ சேலை விரித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தீர்கள். விரித்த சேலை உங்கள்மேலேயே கிடந்ததாம். நான் அழுதேன். நிறையவே அழுதேன். அழுகை கோபத்தைக் கரைக்கும் என்று எதிர்பார்த்தேன், கரைக்கவில்லை.

இப்போது உங்கள் வருஷத் திதி வருகிறது. பாட்டில்களை எடுத்துப்போக வந்த சேகர் அப்படியே நம் வீட்டுக்கும் வந்து ஒரு யோசனை சொன்னார். "அண்ணனுக்குன்னு நிக்கற ஒரே கல்லு அதாம்மா. அங்க போட்டோ வெச்சு மாலை போட்டுடலாம். நம்ம குரூப்ல எல்லாரும் வர்றேன்னுட்டாங்க." அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. எழுத்து மங்கியிருக்கும், தங்க நிறத்தில் புதிதாக எழுதிவிடலாம் என்றாள்.

"வேணாம்மா. அது இன்னொருத்தங்களுக்கு வெச்ச கல்லு" என்றேன்.

"செத்தவர் மேல உனக்கு இன்னாடி இவ்ளோ வன்மம்?"

"செத்தவங்க மேலதாம்மா அவர் தன் பேர எழுதினாரு."

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள். நேற்று, "கெளம்பு, அங்க வந்து அவர் பேரப் பாரு, உனக்கே மனசு மாறும்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நான் பாட்டிலை உங்கள் துண்டோடு சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அதை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது.

நாங்கள் போனபோது சுமைதாங்கியின்மேல் ஒரு புல்லுக்கட்டு இருந்தது. பக்கத்தில் ராணி அக்கா நின்றிருந்தார்.

"நான் அவரோட தங்கச்சிங்க" என்று ஆரம்பித்தாள் அம்மா, உங்கள் பெயரைக் காட்டி.

"தெரியுது. அதே மூக்கு."

அம்மா போட்டோவைப் பற்றி, மாலையைப் பற்றி, தங்க எழுத்தைப் பற்றிச் சொன்னாள். ராணி அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "வெய்யிம்மா. தாராளமா வெய்யி. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். உங்கண்ணன் மாசமா இருந்தாரா?" என்றார்.

அம்மாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் ராணி அக்கா சிரிக்கவில்லை.

"தப்பா நெனச்சிக்காதம்மா. இது கோயில் மண்டபம் இல்ல, உபயம் எழுத. சொமதாங்கிம்மா. இதுல செத்தவங்க பேரு இருந்தா அவங்க எறக்க முடியாத சொமையோட பூட்டாங்கன்னு அர்த்தம். இவரு உசுரோட இருந்தப்ப அது வெறும் வெளம்பரம், போவட்டும்னு வுட்டேன். இப்ப செத்துட்டாரு. போட்டோவும் வெச்சீன்னா, பாக்கறவன் கேப்பான், இந்த ஆம்பள இன்னாத்த எறக்காம பூட்டான்னு. எனக்கும் சொல்லு, தெரிஞ்சிக்கினு புல்ல எறக்கறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். சொல்ல வேண்டியதையெல்லாம் வீட்டிலேயே பலமுறை சொல்லியிருக்கிறேன், அவள் அப்போது கேட்டதில்லை. இப்போது அவள் பயந்துபோயிருந்தாள். உங்களுக்காகப் பயந்தாள். எங்கேயோ ஓரிடத்தில் நீங்கள் எதையோ இறக்கிவைக்க முடியாமல் நின்றுகொண்டிருப்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டதுபோல் இருந்தது. "தின்னர் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள்.

எதிரில் இருந்த பஞ்சர் கடையில் கிடைத்தது. துணி இல்லை. நான் பையிலிருந்து உங்கள் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் துடைத்தோம். முதலில் கைப்பேசி எண் போயிற்று, பிறகு உங்கள் இனிஷியல். நீலம் வழிந்து தூணில் கோடுகளாக இறங்கியது. வெள்ளை போகப்போக, உங்கள் பெயருக்கு நடுவில் மறைந்திருந்த ஒட்டு, கல்லின் குறுக்கே தழும்புபோல வெளியே வந்தது.

"இது எப்ப ஒடஞ்சிது?" என்று அம்மா கேட்டாள்.

"உங்கண்ணன் நோண்டினதுக்கு அப்பால வந்த மழையில" என்றார் ராணி அக்கா. தன் இடது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டிக் காட்டினார். அவ்வளவுதான்.

அம்மா அந்தக் காலை வெகுநேரம் பார்த்தாள். மன மாற்றம் எனக்குத்தான் வரும் என்று சொல்லி அழைத்துவந்தவள். என் அண்ணன் அப்படிச் செய்திருக்க மாட்டார் என்று இந்தத் தடவை சொல்லவில்லை. மறுபடி துடைக்க ஆரம்பித்தாள், முன்னைவிட அழுத்தி. கடைசி எழுத்து போகும்போது, "எறக்கி வெச்சிட்டுப் போண்ணே" என்று மெல்லச் சொன்னாள். அது எனக்குக் கேட்டிருக்கக் கூடாது. அவள் பாசத்தில் துடைத்தாள், நான் ஆத்திரத்தில் துடைத்தேன். எது அதிகம் அழித்தது என்று தெரியவில்லை.

"அவங்க பேரு இன்னாக்கா? நான் எழுதித் தரட்டுமா?" என்று கேட்டேன்.

ராணி அக்கா பெயரைச் சொன்னார். சாதாரணப் பெயர், என் வகுப்பில்கூட அந்தப் பெயரில் ஒருத்தி இருக்கிறாள். "ஆனா எழுதாத. எழுதினா நாளைக்கு இன்னொருத்தன் அத்த அழிச்சிட்டு அவம் பேர எழுதுவான். வெறுங்கல்லா இருக்கட்டும்."

பிறகு பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். சின்னக் கற்களுக்கு அடியில், நின்ற நிலையில் இருந்ததைச் சொன்னேன். குப்பை இல்லை, யாரோ அவளுக்காக வைத்தது என்று நினைக்கிறேன் என்றேன். அவர் அதை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கோலி உருண்டு சத்தம் போட்டது.

"சோடாவா? மசக்கையில ஆசப்பட்டு கேட்டாளோ இன்னாவோ. எனக்கு யாரும் சொன்னதில்ல. யாரு கண்டா."

இனி யாரும் காண முடியாது. கண்டிருக்கக்கூடிய ஒரே நாள் அன்று, ஒரே ஆள் நீங்கள். ஒரு நிமிடம் கையை நிறுத்தியிருந்தால், பாட்டிலைச் சுற்றி மஞ்சளோ, திரியோ, வேறு எதுவோ இருந்ததா என்று பார்த்திருக்கலாம். அந்த மண்ணை நீங்கள் கலைத்துவிட்டீர்கள். இனி எத்தனை புத்தகம் படித்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உடைந்த கல்லையாவது சிமெண்ட் வைத்து ஒட்ட முடிந்தது. கலைந்த மண்ணை ஒட்ட முடியாது.

அதைத் திருப்பி அடியிலேயே வைத்துவிடலாம் என்றேன். ராணி அக்கா தூணைக் காட்டினார். வைப்பதற்கும் தோண்டத்தான் வேண்டும். சுமைதாங்கியின் மேலேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று அம்மா கேட்டாள். வைத்துப் பார்த்தோம். பச்சையாக, அழகாக இருந்தது. சாலையில் போன ஒருவர் வண்டியை மெதுவாக்கி அதைப் பார்த்துக்கொண்டே போனார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அங்கே ஒரு பழைய பாட்டிலை வைப்பது, இங்கே தோண்டுங்கள் என்று பலகை வைப்பதற்குச் சமம்.

"நீங்களே எடுத்துட்டுப் போங்கக்கா" என்றேன்.

"எங்க வூட்லயா? உங்க மாமனுக்கு எடத்தக் காட்டினவனே எம் மச்சான்தான். ராவோட ராவா வித்துக் குடிச்சிடுவான். நீ வெச்சிரும்மா. எவன் கேட்டாலும் எந்த ஊர்னு மட்டும் சொல்லாத."

புல்லுக்கட்டுக்கு அம்மா கை கொடுக்கப் போனாள். "இதுக்குத்தாம்மா கல்லு இருக்குது" என்று சொல்லிவிட்டு அவரே தலையை முட்டுக் கொடுத்து ஏற்றிக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார்.

இன்று மதியம் சேகர் பேசினார். போட்டோவும் மாலையும் வீட்டோடு போதும் என்று அம்மா சொல்லிவிட்டாளாம், அவருக்கு வருத்தம். பிறகு பாட்டில் பேச்சுக்கு வந்தார். "அந்தப் பச்சை பாட்டிலு எந்த ஊர்லம்மா கெடச்சிது? எத்தினியோ தடவ கேட்டேன், அண்ணன் வாயே தொறக்கல."

நீங்கள் அவரிடம்கூடச் சொல்லவில்லை என்பது எனக்குப் புதிய செய்தி. வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்தீர்களா, அல்லது வேறு யாரும் அங்கே போய்த் தோண்டிவிடக் கூடாது என்ற கணக்கா? அம்மா முதலாவதைத்தான் நம்புவாள். நான் இரண்டாவதை நம்புகிறேன். எது சரியென்று சொல்ல நீங்கள் இல்லை.

"எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன் சேகரிடம்.

ஆகவே இந்த மடலில் அந்த ஊரின் பெயர் இல்லை. அவளுடைய பெயரும் இல்லை, அவள் வீட்டார் கேட்டுக்கொண்டபடி. உங்கள் பெயரையும் எழுதவில்லை. நீங்களே வேண்டிய அளவுக்கு எழுதிவிட்டீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு பாட்டில் இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று சொல்லக் கூடாத ஒரு வாயும் இருக்கிறது. நீங்கள் எதற்காகவோ மூடிவைத்த அதே வாயை இப்போது நான் வேறு காரணத்துக்காக மூடிக்கொண்டிருக்கிறேன். இதில் நாம் இருவரும் ஒன்றாகிவிட்டோம் என்பது எனக்கு எரிச்சலாக இருக்கிறது மாமா.

பாட்டிலை மேசையிலிருந்து எடுத்துத் துணி அலமாரிக்குள், யார் கண்ணிலும் படாமல், நிற்கவைத்திருக்கிறேன். வாய் மேலே பார்த்தபடி. இனி அதில் தண்ணீர் ஊற்ற மாட்டேன். அந்த ஒரு சிட்டிகை மண்ணாவது கலையாமல் இருக்கட்டும்.